சங்கக் கிடங்கு கட்டும் படிகளும், அங்கத்தினர் அளந்து பார்க்கும் முறையும்

கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆதியில் பணம் கடன் கொடுக்கும் ஸ்தாபனங்களாகவே ஏற்பட்டன. 1904-ம் வருஷத்துச் சட்டத்தின்படி திருவள்ளூரை அடுத்த திரூரில் ஏற்பட்ட சங்கமும் அத்தகையதே. ஒரு இரும்புப் பெட்டியும் இரண்டு பேரேடுகளும் வைக்க இடம் இருந்தால் அக்காலத்தில் போதுமானதாயிருந்தது. 1912-ம் வருஷத்துச் சட்டம், கடன் கொடுப்பது தவிர மற்ற காரியங்களையும் நடத்தும் சங்கங்களுக்கு இடம் கொடுத்தது. அது முதல் விதை, உரம், தானியம் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் பொறுப்பும் சிறிது சிறிதாகச் சங்கங்களின் தலைமேல் வந்து சேர்ந்தது. 2023-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் கூட்டுறவுச் சங்கங்களின் மூலமாகவே தானியக் கிடங்குகள் கட்டுவதற்கென்று ஒரு பெரிய திட்டத்தை அங்கீகரித்த பிறகு, சொந்தக் கிடங்கு கட்டிக்கொள்ள வேண்டுமென்ற பேச்சு அநேக சங்கங்களில் எழுந்திருக்கிறது. பேச்சு நல்லதே. ஆனால் கட்டடம் என்பது, அங்கத்தினர்களின் பங்குத் தொகையும் சேமநிதியும் ஒரே தடவையில் மண்ணுக்குள் இறங்கும் விஷயமாகையால், அது எப்படி இறங்குகிறதென்று பார்க்கத் தெரிந்த இரண்டு மூன்று அங்கத்தினர்களாவது ஒவ்வொரு சங்கத்திலும் இருக்க வேண்டும்.

இதை எழுதும் நான் இஞ்சினீயர் அல்லன். பத்தாவது வகுப்போடு படிப்பை நிறுத்தி, கூட்டுறவு இலாகாவில் கணக்குப் பார்த்தே பழகியவன். ஒரு சங்கத்தில் நேர்ந்த நஷ்டமே என்னை இவ்விஷயத்தைக் கற்றுக்கொள்ளும்படி செய்தது. அந்தச் சங்கத்தார் 40 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கிடங்கு ஒன்று கட்டி முடித்தார்கள். ரசீதுகளை நானே பரிசீலித்தேன். யாவும் கிரமமாயிருந்தன. அளவுப் புத்தகத்தில் கையெழுத்துகளும் ஒழுங்காயிருந்தன. ஐப்பசி மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் வடபுறத்துச் சுவரில் மேலிருந்து கீழ்வரை கை விரல் நுழையும்படி வெடிப்புக் கண்டது. சுவரோரமாகத் தோண்டிப் பார்த்தோம். 4 அடி ஆழம் என்று பணம் கொடுக்கப்பட்ட அஸ்திவாரம் 3 அடிதான் இருந்தது. 9 அங்குலக் கான்கிரீட் என்று எழுதப்பட்டிருந்த இடத்தில் 6 அங்குலமே இருந்தது. அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கம், வானம் தோண்டிய இடத்திலல்ல, சங்கத்தின் ஆபீஸ் மேஜையில் எழுதப்பட்டது என்பது பிறகுதான் தெரிய வந்தது. எவரை நொந்து என்ன பயன்? ரசீதை மட்டும் பார்த்த நானும் அந்தக் குற்றத்தில் பங்காளியே.

ஆகவே மற்றக் காரியங்களைச் சுருக்கமாகவும், மூடி மறைந்துபோகும் வேலைகளைச் சற்று விரிவாகவும் இங்கே எழுதுகிறேன்.

இடமும் படமும்

மனை மேடான இடத்தில் இருக்க வேண்டும். பாரவண்டி மழைக்காலத்திலும் வந்து திரும்பும்படி பாதை இருக்க வேண்டும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்தால் மட்டும் போதாது. சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கற்களைத் தேடிப்பிடித்து அளந்து பார்க்க வேண்டும். ஒரு சென்டு என்பது 435.6 சதுர அடி. 10 சென்டு என்று வாங்கிய மனை 4,356 சதுர அடிக்குக் குறைந்தால், குறையை எஸ்டிமேட் போடுவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இஞ்சினீயர் கொடுக்கும் படத்தில் மூன்று வகை உண்டு. மேலிருந்து பார்த்தாற்போல் சுவர்களின் நீள அகலங்களைக் காட்டுவது கிடைப்படம். எதிரே நின்று பார்த்தாற்போல் காட்டுவது முகப்புப்படம். மூன்றாவதாகிய வெட்டுப்படமே முக்கியமானது. பலாப்பழத்தைக் குறுக்கே அரிந்தால் உள்ளே உள்ளது தெரிவதுபோல, கூரை முதல் அஸ்திவாரத்தின் அடி வரையில் ஒவ்வொரு படையின் கனமும் அதில் தெரியும். அங்கத்தினர்களில் பெரும்பாலோர் முகப்புப்படத்தைப் பார்த்து மகிழ்ந்து, வெட்டுப்படத்தைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். சுருட்டி வைக்க வேண்டுமானால் முகப்புப்படத்தைச் சுருட்டி வைக்கலாம்.

மனையடி சாஸ்திரப்படி அளவு இருக்க வேண்டுமென்று சிலர் விரும்புவதுண்டு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தத் தர்க்கம் படம் அங்கீகாரமாவதற்கு முன் நடந்து முடிய வேண்டும். வானம் தோண்டின பிறகு ஒரு அங்குலத்தைக் கூட்டவோ குறைக்கவோ சொன்னால், ஒப்பந்தம் பலவீனப்பட்டு, கண்டிராக்டருக்குக் கூடுதல் பில் எழுத வழி உண்டாகும்.

கயிறு பிடித்தல்

முதலில் ஒரு சுவரின் நடுக்கோட்டுக்கு முளை அடித்துக் கயிறு கட்ட வேண்டும். மூலை சரியாயிருக்கிறதா என்று அறிய, மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, குறிகளுக்கு இடையே அளந்தால் 5 அடி இருக்க வேண்டும். சிறு அளவில் செய்தால் சிறு பிசகு தெரியாதாகையால் 9, 12, 15 அடி வைத்துச் செய்வது மேல். நான்கு மூலையும் முடிந்ததும், எதிர் மூலைகளுக்குக் குறுக்காக இரண்டு தடவையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் சமமாயிருந்தாலன்றி வானம் தோண்ட அனுமதிக்கலாகாது. உட்புறம் 40-க்கு 20 அடியும் சுவர் 13½ அங்குலக் கனமும் உள்ள கட்டடமானால் நடுக்கோட்டு மூலைகளின் ஒவ்வொரு குறுக்களவும் ஏறக்குறைய 46 அடி 2¾ அங்குலம் வரும். முளைகளை வானத்தின் ஓரத்திலேயே அடித்தால் தோண்டும்போது அவை பெயர்ந்துவிடும். நாலைந்து அடி தள்ளி அடித்து, வேலை தரைக்கு மேல் வரும்வரை அவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

மட்டம் பார்ப்பதற்குக் கண்ணாடி போன்ற நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொத்தனார்கள் பிடிக்கும் முறையே போதுமானது. குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

வானமும் அஸ்திவாரமும்

எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பது மண்ணைப் பொறுத்தது. செம்மண்ணும் சரளையும் உள்ள இடத்தில் கெட்டி மண் சீக்கிரம் கிடைக்கும். கோவில்பட்டி, சாத்தூர் முதலிய இடங்களிலுள்ள கரிசல் மண்ணோ, மழையில் உப்பிக் கோடையில் சுருங்கிப் பிளக்கும் இயல்புடையது. அங்கே கோடைக்காலத்து வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறதோ அதற்குக் கீழே அஸ்திவாரம் போக வேண்டும். இத்தகைய மண்ணுக்கென்று, அடிப்பாகம் குடம்போல் அகன்ற கான்கிரீட் தூண்களைத் தரைக்குள் இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் பரவச் செய்திருக்கிறார்கள். கரிசல் காட்டுச் சங்கத்தார் இதைப் பற்றி இஞ்சினீயரிடம் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அடுத்த ஊர்க் கிடங்குக்கு 4 அடி போதுமானதாயிருந்ததென்று நமக்கும் போதுமென்று நினைப்பது தவறு.

வானத்தின் அடி சமமட்டமாயிருக்க வேண்டும். ஓரிடத்தில் அதிகமாகத் தோண்டிவிட்டால், தோண்டிய மண்ணையே போட்டு நிரப்பலாகாது. கான்கிரீட்டாலேயே நிரப்ப வேண்டும். அடிமண்ணை நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்த பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன்பு, கமிட்டியார் நியமித்த இரண்டு அங்கத்தினர்கள் வானத்தில் இறங்கி அளக்க வேண்டும். மேலே நின்றுகொண்டு கோலை விட்டுப் பார்ப்பது அளவாகாது. ஒரு பக்கத்துக்கு மூன்று இடமாவது அளந்து, அவ்விடத்திலேயே அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நம் உதாரணத்தில் சுவர் ஒன்றரைக் கல் கனம், அதாவது 13½ அங்குலம். அதன் கீழே கான்கிரீட் படை 3 அடி அகலம். அதற்கு மேல் செங்கல் படிகள் 2 அடி 3 அங்குலம், 1 அடி 10½ அங்குலம், 1 அடி 6 அங்குலம் என்று ஒவ்வொரு பக்கமும் கால் கல் உள்வாங்கிக்கொண்டே வந்து சுவரின் கனத்தை அடைகின்றன. சுவரின் பாரம் ஒரே கோட்டில் அழுத்தாமல் அகலமாய்ப் பரவுவதற்காகவே இந்தப் படிகள். இவற்றில் ஒரு படியைக் குறைத்துக் கட்டினால் மண் போட்டு மூடிய பிறகு பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது.

நடுக்கோட்டுக் கணக்கு

சுவரை அளக்கும்போது எந்த நீளத்தை எடுப்பது? வெளிப்புறம் சுற்றி அளந்தால் 42 அடி 3 அங்குலமும் 22 அடி 3 அங்குலமுமாக மொத்தம் 129 அடி. உட்புறம் சுற்றி அளந்தால் 120 அடி. வெளியளவை எடுத்தால் ஒவ்வொரு மூலையும் இரண்டு தடவை கணக்கில் சேரும். உள்ளளவை எடுத்தால் மூலை விட்டுப்போகும். சுவரின் நடுக்கோட்டைச் சுற்றி அளந்தால் 124½ அடி. இதுவே நியாயமான நீளம். இவ்விரண்டின் சராசரியும் அதுவேயாயிருப்பதைக் காண்க.

வித்தியாசம் 4½ அடிதானே என்று அலட்சியம் செய்யலாகாது. சுவர் 10 அடி உயரமானால், அந்த 4½ அடி என்பது 50 கன அடிக்கு மேற்பட்ட வேலை. சாந்தோடு சேர்ந்து 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் பிடிக்கும் கல் ஒரு கன அடிக்குச் சுமார் 14 வீதம் ஆகுமாகையால், வைக்காத செங்கல் ஏறக்குறைய 700-க்கு நாம் கூலியும் கிரயமும் கொடுத்தவர்களாவோம்.

அதே நடுக்கோட்டு நீளத்தை 3 அடி அகலத்தாலும் 9 அங்குலக் கனத்தாலும் பெருக்கினால் அடிக் கான்கிரீட் 280 கன அடி. கனம் 6 அங்குலமாயிருந்தால் 187 கன அடிதான். மேலே நான் சொன்ன சங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட்டுக்கு இவ்விதம் வீணாய்ப் பணம் போயிற்று. அங்கே தோண்டாமல் விட்ட ஒரு அடி ஆழமும் 373 கன அடிக்கு மேல் ஆகும். இந்தப் பெருக்கலுக்கு நாலாம் வகுப்புப் படிப்பே போதும்.

1956-ம் வருஷத்துச் சட்டத்தால் மீட்டர் அளவு வந்த பின்னும் கொத்தனார்கள் அடிக்கணக்கிலேயே பேசுகிறார்கள். எஸ்டிமேட்டும் பில்லுமோ மீட்டரில் இருக்கும். ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35.3 கன அடி. அளந்தது எந்த அளவோ அதையே முதலில் எழுதி, பிறகு மாற்றிக்கொள்வது நலம். மனத்தால் மாற்றி எழுதுவதில்தான் பிசகு நேர்கிறது.

செங்கல், மணல், சாந்து

நல்ல செங்கல் ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். நகத்தால் கீறினால் தடம் விழாது. 3 அடி உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் உடையாது. உலர்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி நிறுத்தால், எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறலாகாது. கட்டுவதற்கு முன் கற்களை நனைக்காவிட்டால், கல் சாந்திலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும். சாந்து வெறும் பொடியாய் நிற்கும். இது தெரியாத கொத்தனார் இல்லை. ஆனால் தண்ணீர் எடுத்துவரும் சித்தாளுக்குக் கூலி கொடுக்க மனமில்லாத கண்டிராக்டர்கள் உண்டு.

மணலைப் பற்றி ஒரு விஷயம் அநேகருக்குத் தெரியாது. சற்றே ஈரமான மணல், உலர்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். நாலில் ஒரு பங்கு வரையிலும் கூடப் பருத்து நிற்கும். முழுவதும் தண்ணீரில் மூழ்கினாலோ மறுபடி தணிந்துவிடும். ஆகையால் கன அளவில் மணல் வாங்கும் சங்கம் ஈர மணலை அப்படியே அளந்து பணம் கொடுத்தால் நஷ்டமடையும். ஒரு வாளியில் மணலைத் தலைதட்டி நிரப்பி, அதை வேறொரு பாத்திரத்தில் கொட்டி, வாளியில் பாதி தண்ணீர் விட்டு மணலை மறுபடி கொட்டிக் கிளறிப் பார்த்தால், எவ்வளவு தணிகிறதென்று தெரியும். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால் கருங்கல்லை உடைத்துச் செய்த மணலே இப்போது பெரும்பாலும் வருகிறது. அதில் தூசி அதிகமிருக்கிறதா என்று கையில் தேய்த்தும், கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவர் கட்ட 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் என்றால், அது பெட்டியால் அளந்த பங்காயிருக்க வேண்டும். மண்வெட்டியால் அள்ளிப்போட்டு எண்ணுவது பங்காகாது. தண்ணீர் விட்ட சாந்தை அரை மணிக்குள் உபயோகித்துத் தீர்ப்பது உத்தமம். இறுகத் தொடங்கியதை மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பதை அங்கத்தினர்கள் கண்டால் அப்போதே நிறுத்த வேண்டும். சிமெண்டு மூட்டை மூன்று மாதம் கிடந்தால் அதன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகையால் மலிவாகக் கிடைக்கிறதென்று முன்கூட்டியே வாங்கி அடுக்க வேண்டாம்.

ஒரே நாளில் 5 அடிக்கு மேல் சுவர் எழுப்பலாகாது. நான்கு பக்கமும் கூடியவரை சமமாக எழும்ப வேண்டும். நெடுக்குக் கல்லும் குறுக்குக் கல்லும் மாறி மாறி வந்து, ஒரு வரியின் சந்து மேல் வரியின் சந்தோடு நேராக விழாமல் இருக்க வேண்டும். தூக்குக் குண்டை அங்கத்தினரே ஒரு தடவை பிடித்துப் பார்க்கட்டும். கொத்தனார் கோபித்துக்கொள்ள மாட்டார். வேலை தெரிந்த கொத்தனார், பார்க்கத் தெரிந்தவர் வருவதை விரும்பவே செய்வார்.

பழைய சுண்ணாம்புக் கட்டடம் உள்ள சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. சாந்துச் செக்கில் அரைத்த சுண்ணாம்பால் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளிழுத்து வெளியே விடும் தன்மையுடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூச்சுப் பொருமி விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே தக்க மருந்து.

லிண்டல், கம்பி, கூரை

வாசற்படிக்கு மேல் நான்கு சுவரையும் சுற்றி ஓடும் கான்கிரீட் லிண்டல் கட்டடத்துக்கு ஒரு ஒட்டியாணம் போன்றது. கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் எண்ணி அளக்க வேண்டும். இதுவும் மறைந்துபோகும் வேலையே. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் நீளத்தின் எடை கிலோவில் கிடைக்கும். 10 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.617 கிலோ. பில்லில் கண்ட எடையை இவ்விதம் சரிபார்க்கலாம். கம்பி சென்ட்ரிங் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கலாகாது. அடியில் கவர் கட்டை வைத்துத் தூக்கியிருக்க வேண்டும். தொட்டால் சில வருஷங்களில் துருவேறிக் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும்.

கான்கிரீட்டில் தண்ணீர் அதிகமானால் கொட்டுவது சுலபம், பலம் குறைவு. ஒரு மூட்டை சிமெண்டுக்கு, மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, 27 லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொட்டிய பிறகோ இதற்கு நேர்மாறு. குறைந்தது ஏழு நாள், வெயில் காலத்தில் பத்து அல்லது பதினான்கு நாள், ஈரம் காயாமல் நனைத்து வர வேண்டும். முன் அறைக்குக் கான்கிரீட் தளம் போட்டால், 4½ மீட்டருக்குட்பட்ட தளத்தின் முட்டுக்கால்களை ஏழு நாளும், அதற்கு மேற்பட்டதைப் பதினான்கு நாளும் எடுக்கலாகாது. சென்ட்ரிங் சாமானுக்கு நாள் வாடகை ஏறுகிறதென்று கண்டிராக்டர் அவசரப்படுவார். கமிட்டியார் அவசரப்படக் கூடாது.

கிடங்கின் பெரிய பாகத்துக்கு இரும்புச் சட்டமும் தகட்டுக் கூரையும் போடுவதே வழக்கம். தகட்டின் மேட்டிலேதான் துளையிட்டு ஆணி பூட்ட வேண்டும். பள்ளத்தில் துளையிட்டால் மழைத் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஒழுக்கு ஏற்படும். சட்டத்தைச் சுவரின்மேல் வெறுமனே உட்கார வைக்காமல், லிண்டலிலோ அதற்கு மேலுள்ள கான்கிரீட்டிலோ புதைத்த போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். 2018-ம் வருஷம் நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலை அனுபவித்த கடற்கரை ஜில்லாக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தளமும் தானியமும்

கிடங்கின் தளம் தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று அடி உயரமிருந்தால் மழைத் தண்ணீரும் எலியும் சுலபமாக ஏறா. சுவர் தொடங்குமிடத்தில் ஈரந்தடுக்கும் படை ஒன்று போட வேண்டும். இதைச் செலவென்று நினைத்து விட்டுவிடும் சங்கங்களில் அடிவரிசை மூட்டைகள் ஓதமேறிப் பூசணம் பூப்பதைக் கண்டிருக்கிறேன். தளத்துக்குள் நிரப்பும் மண்ணை ஒரே தடவையில் கொட்டாமல், அரை அடி படை படையாய் நனைத்து இடிக்க வேண்டும். காற்றுப் போக்கிகளுக்குக் கம்பி வலை அடிக்காவிட்டால் குருவிகளுக்கும் நாம் பங்கு கொடுக்க நேரும்.

பணம் கொடுத்தல்

ஒவ்வொரு படியும் அளந்து முடிந்த பிறகே அந்தப் படிக்குரிய தொகையைக் கொடுக்க வேண்டும். அளவுப் புத்தகத்தின் பக்கங்களுக்கு முன்பே எண்ணிட்டிருக்க வேண்டும். தவறாக எழுதியதைச் சுரண்டி அழிக்காமல் ஒரு கோடு கிழித்து, சரியானதை அருகில் எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். படத்தில் இல்லாத வேலை எதையாவது வாய்மொழியாகச் செய்யச் சொல்லியிருந்தால் அதையும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். வழக்குகள் பெரும்பாலும் இந்த வாய்மொழியிலிருந்தே முளைக்கின்றன. ஒவ்வொரு பில்லிலும் ஒப்பந்தப்படி ஒரு பாகத்தைப் பிடித்து வைத்து, கட்டடம் முடிந்து ஒரு மழைக்காலம் கழிந்த பின் கொடுப்பதென்று முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பிடித்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்கும் முன், கார்த்திகை மாதத்தில் நல்ல மழை பெய்யும்போது, அளந்த அந்த இரண்டு அங்கத்தினர்களும் கிடங்கைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கட்டும். கூரையில் துளை இருந்தால் வெளிச்சம் தெரியும், ஒழுக்கு இருந்தால் சத்தம் கேட்கும். நான்கு மூலைகளிலும் சுவரின் அடியில் கை வைத்துப் பார்த்து, கண்டதைத் தேதியிட்டு அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி, வெட்டுப்படத்தையும் அதனுடன் சேர்த்துச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்துவிடலாம்.